வாளையாறு தாண்டிக் குடிபோகலாமா?

கோவைப் புறநகரிலிருந்து ஒரு வாசகி பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. பம்ப்செட் செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை, சேர்ந்து நாலு வருடமும் சில மாதமும் ஆகிறது. கணவர் தனியார் நிறுவனத்தில் இருக்கிறார். போன வருடம் அவரை வாளையாறு எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கஞ்சிக்கோடு கிளைக்கு மாற்றிவிட்டார்கள், தினமும் போய்வருகிறார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, இப்போது ஒன்பதாவது, டாக்டர் ஆக ஆசை. மாமியாருக்கு 72 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. குடியிருக்கும் வீடு மாமியார் பெயரில். நாத்தனார் ஒருவர் திருப்பூரில் இருக்கிறார். குடும்பம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறது.

கணவருடைய வாதம் இது: "எந்தப் பட்டியலை எடுத்தாலும் கேரளாதான் முதலிடம். ஆஸ்பத்திரி நல்லா இருக்கு, பள்ளிக்கூடம் நல்லா இருக்கு. வீட்டை வித்துட்டு பாலக்காட்டுல இடம் வாங்கிக் கட்டிக்கலாம்." வாசகிக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் மறுத்துப் பேசக் கையில் எதுவும் இல்லை என்கிறார். அவர் கேட்கும் கேள்விகள்: சாதிச் சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும்தானே? மகள் பத்தாவது வரை அங்கே படித்துவிட்டு பதினொன்றுக்கு இங்கே வந்து சேர்ந்தால் அரசுப் பள்ளிச் சலுகை கிடைக்கும்தானே? ரேஷன் கார்டு இப்போது ஒரே நாட்டுக்கு ஒரே கார்டுதானே? கடைசியாக, "நீ வரலைன்னா கோர்ட்டுல போட்டு வரவைப்பேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றார், அப்படி முடியுமா?"

சகோதரி, முதலில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அவர் சொல்வது பெரும்பாலும் சரி. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13. நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட வறுமைக் கணக்கில் கேரளத்தில் 0.55 சதவீதம் பேர், தமிழ்நாட்டில் 2.20 சதவீதம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே 94 சதவீதம், இங்கே 80. இதில் சண்டை போட ஒன்றும் இல்லை. ஆனால் இந்தியக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: குழந்தை இறப்பு 28, வறுமை சுமார் 15 சதவீதம். நீங்கள் பின்தங்கிய ஊரிலிருந்து முன்னேறிய ஊருக்குப் போகவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து பக்கத்து நாற்காலியில் உட்காரப்போகிறீர்கள்.

அப்புறம், மாநிலச் சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை. நீங்கள் போகப்போவது பாலக்காட்டுக்கு. 2011-இல் கேரளத்தின் 14 மாவட்டங்களில் படிப்பறிவில் கடைசியில் இருந்தவை பாலக்காடும் வயநாடும்தான். பாலக்காட்டில் சுமார் 89 சதவீதம், இந்தப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிட்டத்தட்ட 92. ஏன் இப்படி என்றால், 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்தில் இருந்தது, கன்னியாகுமரி திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. திருவிதாங்கூரில் அரசும் மிஷனரிகளும் பள்ளிக்கூடங்களை முன்னாடியே திறந்துவிட்டார்கள். எல்லைக்கோட்டை மாற்றிப் போட்டபோது பள்ளிக்கூடங்கள் எழுந்து நடக்கவில்லை. அதே பாலக்காடு மாவட்டத்தில்தான் அட்டப்பாடியும் இருக்கிறது. 2013-இல் ஆதிவாசிக் குழந்தைகள் ஊட்டச்சத்துக் குறைவால் அடுத்தடுத்து இறந்ததாகச் செய்தி வந்ததே, அந்த அட்டப்பாடி.

பாலக்காடு மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்ல ஊர், தமிழ் பேசினால் பல இடங்களில் காரியம் நடந்துவிடும், சித்தூர்ப் பக்கம் தமிழ் வழியில் படிக்கக்கூட முடியும். பட்டியலில் கேரளாவுக்குக் கிடைத்த மதிப்பெண் வாளையாறு தாண்டியதும் உங்கள் வீட்டுக் கணக்கில் தானாக வரவாகாது, அவ்வளவுதான்.

எந்தச் சிறப்பு யாருக்கு உதவும் என்றும் பார்க்க வேண்டும். கேரளத்தில் கூலி அதிகம் என்பது உண்மை. ரிசர்வ் வங்கித் தொகுப்பின்படி 2022-23-இல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளிக்கு அங்கே ஒரு நாளைக்கு சுமார் 850 ரூபாய், இங்கே சுமார் 500. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அது வாழ்க்கையையே மாற்றும் வித்தியாசம், வாங்க வேண்டிய கூலியும்தான். உங்கள் வீட்டுக்காரர் சம்பளம் கம்பெனிச் சம்பளம், எல்லைக்கு எந்தப் பக்கம் படுத்துத் தூங்கினாலும் அதே தொகை. அங்கே வீடு கட்டினால் அந்த 850-ஐக் கொடுக்கிற இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் மின்சாரம் இலவசம், சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. அங்கே பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணமே பத்து ரூபாய். சின்ன விஷயங்கள்தான், மாதக் கடைசியில் சேர்த்துப் பார்த்தால் தெரியும்.

மாமியார் விஷயத்தில் கேரளா நிஜமாகவே கெட்டி. படுக்கையில் விழுந்த நோயாளியை வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி தணிப்புச் சிகிச்சையை 1990-களில் கோழிக்கோட்டில் தொடங்கி, 2008-இல் மாநிலக் கொள்கையாகவே ஆக்கி, பஞ்சாயத்துகள் மூலம் நடத்துகிறார்கள். இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு இல்லை. ஆனால் இன்றைக்கு உங்கள் மாமியாருக்கு வேண்டியது மாசாமாசம் சர்க்கரை, பிரஷர் மாத்திரை. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இதுவரை பதிவு செய்யாவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். இன்னொன்று, அரசு ஆஸ்பத்திரி நன்றாக இருந்தும் கேரளத்துக்காரர்கள் தனியார் ஆஸ்பத்திரியில் நிறையவே செலவு செய்கிறார்கள். மருத்துவத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று சொந்தப் பணம் அதிகம் போகும் மாநிலங்களில் கேரளா முன்னால் நிற்கிறது. வயதானவர்கள் அதிகம், வைத்தியம் பார்க்கும் பழக்கமும் அதிகம்.

சரி, இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். சிலவற்றில் நீங்கள் நினைத்திருப்பது தவறு, அந்தத் தவறு ரொம்ப விலை வைக்கக்கூடியது.

மகளின் படிப்பு

இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். 2020-இல் தமிழ்நாடு சட்டமன்றம் கொண்டுவந்த சட்டப்படி, மருத்துவப் படிப்புகளில் மாநில அரசின் இடங்களில் 7.5 சதவீதம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. நீட் தேர்ச்சி கட்டாயம், ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும், அதனால் கட்-ஆஃப் நன்றாகவே இறங்குகிறது. வருடத்துக்குச் சில நூறு பேர் இந்த வழியாக எம்.பி.பி.எஸ். சேர்கிறார்கள். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. வழக்குப் போட்டார்கள், 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

நிபந்தனை என்ன தெரியுமா? ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஒன்பதும் பத்தும் பாலக்காட்டில் படித்துவிட்டுப் பதினொன்றுக்குத் திரும்பினால் சங்கிலி அறுந்துவிடும், அங்கே படித்தது அரசுப் பள்ளியே ஆனாலும். கோவையிலேயே அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினால்கூட இந்தச் சலுகை போய்விடும், இது பலருக்குத் தெரிவதில்லை. பொறியியல், வேளாண்மை, சட்டப் படிப்புகளுக்கும் 2021-இல் இதே போல 7.5 சதவீதம் கொண்டுவந்தார்கள், ஆகவே நீட் கைகொடுக்காவிட்டாலும் இது வீண் போகாது. கல்லூரி சேரும் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்திருக்க வேண்டும்.

உங்கள் பெண் மூன்று வருடத்தைத் தாண்டிவிட்டாள், இன்னும் பன்னிரண்டு முடிய வேண்டியதுதான் பாக்கி. இப்போது பள்ளி மாற்றுவது, சட்டம் தெரிந்த யாரும் சொல்லக்கூடிய யோசனை இல்லை. "அங்கே கோட்டா இருக்காதா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். கேரளத்தின் மருத்துவச் சேர்க்கையில் கேரள வம்சாவளியினர் ஒரு வகை, மற்றவர்கள் தனி வகை. மற்றவர்களில் அங்கே குடியிருந்த, படித்த சிலர் மாநிலத்துப் பொது இடங்களுக்குப் போட்டியிடலாம், ஆனால் சாதி இடஒதுக்கீடு கிடையாது. அதாவது உங்கள் பெண் இங்கே கையில் வைத்திருக்கும் இரண்டு சலுகைகளையும் இறக்கி வைத்துவிட்டு, புது மொழி, புதுப் பாடத்திட்டத்தோடு அங்கே பொதுப் போட்டியில் நிற்க வேண்டும்.

சாதிச் சான்றிதழும் ரேஷன் கார்டும்

சான்றிதழ் செல்லும், எங்கே எதற்கு என்பதுதான் கேள்வி. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் இடம்பெயர்ந்து போன மாநிலத்தில் அந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொன்னது, 2018-இல் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது. பிற்படுத்தப்பட்ட வகுப்புகளுக்கும் ஒவ்வொரு மாநிலமும் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு என்று தனியாக 20 சதவீதம் இருக்கிறது, இந்தப் பிரிவு கேரளத்தில் கிடையாது. மத்திய அரசு வேலைக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் ஓ.பி.சி. சான்றிதழ் எப்போதும் போலப் பயன்படும். குடிபோனதால் தமிழ்நாட்டில் உங்கள் வகுப்பு அழிந்துவிடாது, நாளைக்கு மகள் இங்கே விண்ணப்பித்தால் கோரலாம். ஆனால் பள்ளிப் படிப்பில் ஒரு பகுதி வெளியே என்றால் பிறப்பிடச் சான்றிதழ், பெற்றோரின் பழைய ஆவணங்கள் என்று அலைய வேண்டியிருக்கும்.

ரேஷன் விஷயத்தில் பாதிதான் சரி. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் எடுத்துப் போகக்கூடியது மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் முன்னுரிமைக் கார்டுக்கு உள்ள தானியம் மட்டும். தமிழ்நாடு எல்லா அரிசிக் கார்டுக்கும் 2011-லிருந்து இலவச அரிசி தருகிறதே, மானிய விலையில் பருப்பும் பாமாயிலும், அவை மாநிலத்தின் சொந்தச் செலவு, எல்லை தாண்டாது. உங்கள் கார்டு முன்னுரிமைக் கார்டா என்று பாருங்கள். கேரளத்தில் மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று நான்கு நிறத்தில் கார்டு. சம்பளக்காரக் குடும்பம் பெரும்பாலும் வெள்ளையில்தான் போய் விழும், அதற்குக் கிடைப்பது கொஞ்சம். மகளிர் உரிமைத் தொகை வாங்குகிறீர்களா என்று எழுதவில்லை. வாங்கினால் அதுவும் இந்தக் கார்டோடு கட்டப்பட்டது.

வண்டியைப் பற்றி ஒரு வரி: 12 மாதத்துக்கு மேல் அங்கேயே வைத்து ஓட்டினால் தடையில்லாச் சான்று வாங்கிப் போய் அங்கே பதிவை மாற்றி வரி கட்ட வேண்டும்.

உங்கள் வேலை

கடிதத்தில் இதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், "நான் வேலையை விட்டுவிட வேண்டியிருக்கும்" என்று, ஏதோ காஸ் இணைப்பை மாற்றுவது மாதிரி. வீட்டிலும் இதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது.

2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில் வேலையின்மை கேரளத்தில் 7.2 சதவீதம், தமிழ்நாட்டில் 3.5. கேரளத்தில் 15 முதல் 29 வயதுக்குள் வேலை தேடும் பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வேலை இல்லை. படிப்பில் முதலிடம் என்று சொல்கிற அதே மாநிலம். படித்த பெண்களுக்கு ஏற்ற வேலை அங்கே குறைவு என்பதால்தான் செவிலியர்கள் உலகம் பூராவும் போகிறார்கள். கோவை மாதிரிச் சிறு தொழிற்சாலைகள் நெருக்கமாக இருக்கும் ஊரில் 41 வயதில் ஒரு கணக்கு வேலை போனால் இன்னொன்று கிடைக்கும். பாலக்காட்டில் மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாமல் அது எளிதில்லை.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) பற்றி யோசித்தீர்களா? தொடர்ந்து ஐந்து வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். நாலு வருடத்துக்கு மேல் ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று 1998-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு, ஆனால் அதைக் காட்டி வாங்க நீங்கள் அலைய வேண்டியிருக்கும். எப்படிப் பார்த்தாலும் இன்னும் சில மாதம் பொறுப்பது உங்களுக்கு லாபம். உங்களுடைய பி.எஃப். எண் எங்கே போனாலும் கூடவே வரும், அதில் பயம் வேண்டாம்.

வீட்டை விற்பது

வீடு மாமியாருடையது. விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர், உங்கள் வீட்டுக்காரர் இல்லை. கடிதம் முழுக்கத் தேடிப்பார்த்தேன், அந்த அம்மா என்ன நினைக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. 72 வயதில் பழகிய தெருவையும் பேச்சுத் துணையையும் விட்டுப் போவது சாதாரண விஷயம் இல்லை.

அவர் சம்மதித்தாலும், பணத்தில் வாங்கும் இடத்தை மகன் பெயரில் பதியாதீர்கள். அம்மா பெயரிலேயோ, அவரையும் சேர்த்துக் கூட்டாகவோ பதியுங்கள். உயில் இல்லாமல் அவர் காலமானால் மகனைப் போலவே மகளுக்கும் பங்கு உண்டு, திருப்பூர் நாத்தனார் நாளைக்குக் கேட்டால் நியாயமாகத்தான் கேட்பார். உயிரோடு இருக்கும்போதே சொத்தைச் செட்டில்மென்ட் பத்திரமாக எழுதித் தருவதானால், "கடைசி வரை என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்தால், கவனிக்காமல் விட்டபோது 2007-ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வக்கீலாக நான் பார்ப்பதில் பாதி வழக்கு இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதால் வருகிறது.

பாலக்காட்டில் மனை பார்க்கும்போது ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 2008-இல் கேரளா நெல்வயல், சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்று இருந்தால் அங்கே அது நெல்வயல், வீடு கட்ட அனுமதி கிடைப்பது பெரும்பாடு. 'புரயிடம்', அதாவது வீடு கட்டக்கூடிய மேட்டு நிலம், என்று இருக்க வேண்டும். பாலக்காடு நெல் விளையும் மாவட்டம், எனவே மலிவாகக் கிடைக்கும் மனைகளில் இந்த வில்லங்கம் நிறைய. பஞ்சாயத்தில் டேட்டா பேங்க் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள், அதில் சர்வே எண் இருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். முத்திரைத்தாள் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, ஆக வாங்கும்போதே பத்து சதவீதம் போய்விடும். ஒத்துவரவில்லை என்று விற்றுவிட்டு இங்கே மறுபடி வாங்கினால் இங்கே 9 சதவீதம்.

"வரமாட்டேன்" என்று சொல்லலாமா

தாராளமாகச் சொல்லலாம். கணவர் போகும் ஊருக்கெல்லாம் மனைவி போயே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர் விளையாட்டாகச் சொன்னது இந்து திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு. நியாயமான காரணம் இல்லாமல் ஒருவர் விலகிப் போனால் சேர்ந்து வாழ உத்தரவு கேட்டு மற்றவர் மனுப் போடலாம். வேலை, பத்தாவது படிக்கப்போகும் பிள்ளை, வயதான மாமியார், இவற்றையெல்லாம் நியாயமான காரணங்களாக நீங்கள் எடுத்து வைக்கலாம். உத்தரவே வந்தாலும் போலீஸ் வந்து கூட்டிப் போக முடியாது. ஆனால் உத்தரவு வந்து ஒரு வருடம் சேர்ந்து வாழாவிட்டால் அதையே காரணமாக்கி விவாகரத்து கேட்க முடியும், அதனால் நிஜமாகவே நோட்டீஸ் வந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவருக்கு அப்படி எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. தினமும் அலைந்து களைத்த மனிதர், சுலபமாக ஒரு வழி தேடுகிறார்.

அந்தக் களைப்பு நிஜம், அதற்கும் ஏதாவது செய்யத்தான் வேண்டும். ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்தால் பைக் ஓட்டும் அலுப்பு குறையும், ஷிப்ட் நேரம் ஒத்துவராவிட்டால் வாரநாளில் கஞ்சிக்கோட்டுப் பக்கம் உடன் வேலை செய்பவர்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டு வாரக் கடைசியில் வரட்டும். அந்த வாடகையை வீண் செலவு என்று அவர் சொல்லலாம். முத்திரைத்தாளுக்குக் கொடுக்கும் பத்து சதவீதத்தைப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். மகள் பன்னிரண்டு முடித்த பிறகும் அவருக்கு அங்கேதான் வேலை, மாமியாருக்கும் சம்மதம் என்றால், அப்போது இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு பாலக்காட்டில் வாடகைக்குப் போய் ஒரு வருடம் இருந்து பாருங்கள். வாங்குவதைப் பற்றி அதற்கு அப்புறம் பேசலாம்.

இந்த வாரத்தில் செய்ய வேண்டியவை இரண்டு. தலைமை ஆசிரியரைப் பார்த்து, மகள் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த விவரம் பள்ளிப் பதிவேட்டில் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளியிலும் படிப்புச் சான்று இப்போதே வாங்கி வையுங்கள், கவுன்சிலிங் சமயத்தில் கூட்டத்தில் நிற்க வேண்டாம். இன்னொன்று, மாமியாரிடம் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் வீட்டுக்காரரும் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள்.